துளை போடும் முன்: டோன்ஆர்ம் மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

என் வீட்டில் தேநீர்க் குவளை வைக்கும் பலகை, டோன்ஆர்ம், அதாவது ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் கை, பொருத்துவதற்காக வாங்கிய ஆர்ம்போர்டு. நடுவில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை. வட்டமாக இருந்திருக்க வேண்டியது. முதலில் ஒரு துளை போட்டேன், தப்பு என்று தெரிந்ததும் ஆறு மில்லிமீட்டர் தள்ளி இன்னொன்று போட்டேன். இரண்டும் சேர்ந்து முட்டையாகிவிட்டன.

ரேகா நிறுவனத்தின் ஆர்முக்குத் தட்டின் நடுமுளையிலிருந்து ஆர்ம் திரும்பும் மையம் வரை 222 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைக் குறிக்கும் அச்சுத்தாளை இணையத்திலிருந்து இறக்கி, வீட்டுப் பிரிண்டரில் எடுத்தேன். கோப்பு அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்யப்பட்டது, அகலம் 215.9 மி.மீ. சிங்கப்பூரில் நாம் போடுவது ஏ4, அகலம் 210. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் தானாகவே ஏறக்குறைய 3 விழுக்காடு சுருக்கிவிட்டது. 222 என்பது 216 ஆனது. நான் ட்ரில்லைத்தான் எடுத்தேன், அளவுகோலை எடுக்கவில்லை. அச்சுத்தாளை 100 விழுக்காட்டில் எடுங்கள். எடுத்த பிறகும் எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் அளவுகோல் வேண்டாம், அதன் பூஜ்யம் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

எல்லா ஆர்முக்கும் இந்தத் தூரம் ஒன்றல்ல என்பதையே பலர் கவனிப்பதில்லை. லின் ஆர்ம்களுக்கு 211, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆர்முக்கு 215. லின்னுக்காக வெட்டிய பலகையில் ரேகாவை உட்கார வைத்தால் 11 மி.மீ. உதைக்கும். ஆர்மின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லின் காடியில் கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) முன்னே பின்னே நகர்த்தி ஓரிரு மில்லிமீட்டரைச் சமாளிக்கலாம், பதினொன்றை முடியாது. எஸ்எம்இ ஆர்மின் அடிப்பாகம் சறுக்கி நகரும், அதனால் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ரேகா பொறுக்காது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: ஆர்ம்தான் குற்றவாளியா? ஆடியோ கடைகள் நிறைந்த அடெல்ஃபி கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் ஆர்மைப் பார்த்தால் பையிலிருக்கும் வெள்ளி கனக்கத்தான் செய்யும். ஆனால் ஒலி கரகரப்பதற்குத் தேய்ந்த ஊசியோ தப்பாக உட்கார்ந்த கார்ட்ரிட்ஜோதான் பெரும்பாலும் காரணம். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் சூட்கேஸ் வகை பிளேயரில் ஆர்மை மாற்றுவதில் அர்த்தமே இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல பழைய டர்ன்டேபிளைப் பாருங்கள்.

அடுத்தது, காசு அதிகம் கொடுத்த ஆர்ம் எந்தக் கார்ட்ரிட்ஜையும் சுமக்கும் என்ற நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஆர்ம் அதன் மேல் ஏறிய பாரம். இரண்டும் சேர்ந்தால் தனக்கென ஓர் ஆட்டம் வந்துவிடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் நெளிந்த ரெக்கார்டு ஒவ்வொரு சுற்றிலும் ஆர்மைத் தூக்கிப் போடும். மேலே போனால் 20 ஹெர்ட்ஸில் தொடங்கும் இசையின் அடிவாசலை அது தொட்டுவிடும்.

கணக்கு எளிது. ஆர்மின் செயல்எடை (ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (அந்த ரப்பர் எவ்வளவு இளக்கம் என்பதன் அளவு) பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுங்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட்டின் எடை 7.2 கிராம், நெகிழ்வு 20. எஸ்எல்-1200 ஆர்ம் 12 கிராம். திருகுகளுக்கு ஒரு கிராம். விடை ஏறக்குறைய 7.9 ஹெர்ட்ஸ், 8-ஐ ஒட்டியே இருப்பதால் போதும். அதே கார்ட்ரிட்ஜை 25 கிராம் ஆர்மில் மாட்டினால் 6.2-க்கு இறங்கிவிடும். டெனான் டிஎல்-103 இதற்கு நேர் எதிர், விறைப்பான ஆள். அதன் நெகிழ்வு 5 என்று போட்டிருப்பார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது, ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம் அது. நம் கணக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். 9 என்றே வைத்தாலும், 1970-களில் விரும்பி வாங்கிய 7 கிராம் இலேசு ஆர்மில் அது 13 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. டிஎல்-103 கேட்பது கனமான ஆர்மை. புது ஆர்ம் வாங்கியும் ஒலி மெலிந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி நம் ஆட்களுக்கென்றே உள்ள ஒரு விஷயம். ஆர்ம் வளைவில் நகர்வதால் ஊசி தடத்துக்குச் சரிநேராக நிற்பது இரண்டே இடங்களில்தான். அந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் பல. பெயர்வால்ட் முறையில் அவை நடுமுளையிலிருந்து 66.0, 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் முறையில் 60.3, 117.4. பன்னிரண்டு அங்குல எல்பி மட்டும் கேட்பவருக்குப் பெயர்வால்ட் நல்லது. ஆனால் பழைய தமிழ்ப் படப் பாட்டு சேர்ப்பவர் வீட்டில் ஏழு அங்குல இபிகள்தானே கட்டுக்கட்டாக இருக்கும்? அந்தத் தட்டில் வெளித்தடங்கள் என்ற இடமே கிடையாது, பாட்டு முழுக்க உட்பக்கம்தான் ஓடுகிறது. பெயர்வால்ட் வைத்தால் கடைசிச் சரணத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். இபி அதிகம் வைத்திருப்பவர்கள் ஸ்டீவன்சனையே வையுங்கள் என்பது என் கட்சி. எல்பியின் நடுப்பகுதியில் கொஞ்சம் இழக்கிறோம், இழக்கலாம்.

ஆர்ம் உயரத்தை அரை அரை மில்லிமீட்டராக ஏற்றி இறக்கித் தூக்கம் கெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது அங்குல ஆர்மில் 4 மி.மீ. ஏற்றினால்தான் கோணம் ஒரு பாகை மாறும். ரெக்கார்டு மேல் ஊசி இருக்கும்போது ஆர்ம் மட்டமாக இருந்தால் போதும். ரேகாவில் உயரத் திருகு கிடையாது, அடியில் வளையம் வைக்க வேண்டியிருக்கும். ஆர்ம் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள்.

கை வேலைக்கு வருவோம். ஆர்மை டர்ன்டேபிளில் மாட்டிய பிறகு கார்ட்ரிட்ஜ் திருகை முறுக்கி இறுக்காதீர்கள். அந்த முறுக்கு அப்படியே ஆர்ம் திரும்பும் பேரிங்குக்குப் போகும். ஹெட்ஷெல்லை விரல்களால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ‘போதும்’ என்று தோன்றும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜ் கம்பிகளில் சிவப்பு வலது, பச்சை வலதின் மறுமுனை. வெள்ளை இடது, நீலம் இடதின் மறுமுனை. கார்ட்ரிட்ஜ் முளையில் நேரடியாகச் சால்டர் வைப்பது அதைக் கொல்வது. ஊசியோடு சுருள் அசையும் மூவிங் காயில் வகையில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதும் ஆபத்து, மயிரிழைச் சுருள் தாங்காது.

வீவக அடுக்குமாடி வீட்டில் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆர்மின் வாலிலுள்ள பின்எடையைத் திருப்பி, சமநிலை பார்க்க ஆர்மை மிதக்கவிடுவார்கள். காற்றில் அது ஆடும், இவர்களோ பேரிங் சரியில்லை என்பார்கள். ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும், பத்து நிமிட வேலை. ஊசி அழுத்தம் அளக்கும் தராசின் தட்டு இரும்பாக இருந்தால், மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எண் காட்டும்.

பழைய ஆர்ம் வாங்குபவர்களுக்கு: ஹெட்ஷெல்லை மெல்லப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், ‘கிளிக்’ என்று ஒரு தளர்வு தெரிந்தால் வேண்டாம். பழைய எஸ்எம்இ 3009-இல் பின்எடையைப் பிடிக்கும் ரப்பர் நைந்து, வால் தொங்கியிருக்கும். ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும், விலை பேச ஒரு பிடி. நம் ஊர் ஈரத்தில் ஹெட்ஷெல் முளைகள் கறுத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். ஜெல்கோ ஆர்ம் என்றால் நிறுவனமே 2020-இல் மூடிவிட்டது, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாம் முடிந்து ‘ம்ம்ம்’ என்று முனகினால் முதலில் எர்த் கம்பியைப் பாருங்கள். அதை ஃபோனோ ஆம்பில் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்ட மறந்திருப்பீர்கள். அப்புறம் முதலில் போடுவது பிடித்த ரெக்கார்டாக இருக்க வேண்டாம். சுங்கை ரோடு சந்தையில், 2017 ஜூலையில் அது மூடுவதற்கு முன், இரண்டு வெள்ளிக்கு வாங்கிய கீறல் விழுந்த தட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆர்மும் முதலில் அதில்தான் இறங்கும்.