சுகர் பேஷன்ட் இருக்கற வீட்டுல ஃபேமிலி அசெஸ்மென்ட் எப்படி பண்றது

நர்சிங் பிள்ளைங்க கம்யூனிட்டி போஸ்டிங் (ஊருக்குள்ள வீடு வீடா போய் பண்ற பயிற்சி) போனா ஃபேமிலி ஃபோல்டர், அதாவது ஒரு குடும்பத்தைப் பத்தின பதிவேடு, எழுதணும். நிறைய பேரு ஃபார்மட்ல இருக்கற கட்டத்தை நிரப்பிட்டு, சுகர் 280, மாத்திரை ஒழுங்கா போடல, டயட் அட்வைஸ் குடுத்தாச்சுன்னு மூடி வச்சிடறாங்க. அட்வைஸ் யாருக்கு குடுத்தீங்க, அந்த வீட்டுல சமைக்கிறது யாரு, அரிசி வாங்கறது யாரு? இது தெரியாம எழுதற கேர் பிளான் அந்த வீட்டுக்கு உதவவே உதவாது. வியாதி ஒருத்தர் உடம்புல இருந்தாலும் அதைப் பாத்துக்கறது மொத்தக் குடும்பமும்தான், ஃபேமிலி நர்சிங் தியரி எல்லாமே கடைசில சொல்றது இதைத்தான்.

பரிட்சைக்கு படிக்கிற தியரிங்கள்ல ஃபீல்டுல எனக்கு ரொம்ப கை குடுக்கறது கால்கரி மாடல். கனடால கால்கரி யூனிவர்சிட்டில லொரெய்ன் ரைட்டும் மோரீன் லேஹியும் 1984ல புஸ்தகமா போட்டது. குடும்பத்துல யார் யாரு, அவங்க வாழ்க்கைல எந்த கட்டத்துல இருக்காங்க, தினப்படி பொழப்பு எப்படி ஓடுது, இந்த மூணையும் பாக்கச் சொல்லுது, அவ்ளோதான்.

முதல்ல ஜீனோகிராம் போடுங்க, அதாவது தலைமுறை தலைமுறையா யார் யாருன்னு காட்டற குடும்பப் படம். "வீட்டுல எத்தனை பேரு"ன்னு கேக்காதீங்க, ரேஷன் கார்டுல இருக்கற பேரெல்லாம் சொல்லுவாங்க, அதுல ஒருத்தர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருப்பாரு. "ஒரே அடுப்புல எத்தனை பேர் சாப்பிடறீங்க"ன்னு கேளுங்க, அப்போதான் ஒரே கூரைக்குள்ள ரெண்டு அடுப்பு எரியறது தெரியும். ஆணுக்கு சதுரம், பொண்ணுக்கு வட்டம், இறந்தவங்களுக்கு மேல பெருக்கல் குறி, பிள்ளைங்களை மூத்தவங்கள்ல இருந்து இடமிருந்து வலமா போடணும், சொந்தத்துல கட்டியிருந்தா நடுவுல ரெட்டைக் கோடு. அக்கா மகளைக் கட்டறது, மாமன் மகளைக் கட்டறதெல்லாம் நம்ம பக்கம் சகஜம், அதனால அந்த ரெட்டைக் கோட்டை மறந்துடாதீங்க. மூணு தலைமுறை வேணும், இறந்தவங்க எந்த வயசுல எதனால போனாங்கன்னு எழுதுங்க. நோட்டை சுகர் இருக்கற அந்த அம்மாவும் பாக்கற மாதிரி வச்சு வரைங்க, "எங்கப்பாவுக்கும் கால்ல புண்ணு ஆறாம விரலை எடுத்தாங்கம்மா"ன்னு அவங்களே சொல்லுவாங்க, ஃபார்மட்ல எந்தக் கட்டத்துலயும் இந்த விஷயம் வராது.

குடும்பத்தோட வளர்ச்சிக் கட்டத்துக்கு டூவல்ங்கற ஆய்வாளர் சொன்ன, கல்யாணத்துல இருந்து முதுமை வரைக்கும் போற எட்டு ஸ்டேஜை அப்படியே ஒட்ட வைக்காதீங்க. அது அப்பா அம்மா பிள்ளைங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு யோசிச்சது. நம்ம வீட்டுல மாமியார் கடைசி ஸ்டேஜ்ல இருப்பாங்க, மருமகளுக்கு எல்கேஜி பிள்ளை இருக்கும், ரெண்டையும் சேத்து எழுதுங்க.

அடுத்தது ஈகோமேப், குடும்பத்துக்கும் வெளிய இருக்கறவங்களுக்கும் நடுவுல உள்ள உறவைக் காட்டற படம், இதுக்கு டைம் குடுங்க. அமெரிக்கால ஆன் ஹார்ட்மன்னு ஒரு சோஷியல் வொர்க்கர் 1975ல உருவாக்கினது. நடுவுல குடும்பம், சுத்தி ரேஷன் கடை, பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்), அங்கன்வாடி, மகளிர் குழு, வேலை குடுக்கறவங்க, வட்டிக்கு குடுக்கறவங்க, டாஸ்மாக், பொறந்த வீடு. நல்லா இருக்கற உறவுக்கு அழுத்தமான கோடு, பேருக்கு இருக்கறதுக்கு புள்ளிக் கோடு, தலைவலி குடுக்கறதுக்கு வளைஞ்சு நெளிஞ்ச கோடு. வரைஞ்சு முடிச்சா சுகர் ஏன் எறங்கலன்னு பாதி புரிஞ்சிடும். உதாரணத்துக்கு, சுகர் இருக்கற அந்தம்மா விடியக்காலைல களை எடுக்க கெளம்பிடறாங்க, வெறும் டீயோட மாத்திரை, சாப்பாடு பதினோரு மணிக்குத்தான், நடுவுல தலை சுத்தி ஒக்காந்துட்டாங்க, அந்தப் பயத்துல மாத்திரையையே விட்டுட்டாங்க. ஃபோல்டர்ல நாம "ஒழுங்கா போடல"ன்னு எழுதறதுக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கு. அவங்க மேல தப்பு சொல்ற மாதிரி ஒரு வார்த்தை கூட எழுதாதீங்க, தயவு செஞ்சு.

மாமியார் எதிர்ல மருமகள் வாயத் தொறக்க மாட்டாங்க. மருமகள் தண்ணி பிடிக்கப் போகும்போது கூடப் போய் பேசுங்க, காசு யார் கைல, ஆஸ்பத்திரி போகணும்னா யார் முடிவு பண்றதுன்னு மெதுவா கேளுங்க. அடி உதை இருக்குன்னு தெரிஞ்சா ஃபோல்டர்ல எல்லாரும் படிக்கற மாதிரி எழுதாதீங்க, உங்க டீச்சர் மேடத்துகிட்ட தனியா சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு பெண்கள் உதவி எண் 181 சொல்லி வைங்க.

இப்போ கேர் பிளான். மாத்திரை நேரத்தை நீங்களா மாத்தாதீங்க, அந்த காலை வேலை விஷயத்தை பி.எச்.சி டாக்டர்கிட்ட கொண்டு போங்க, வி.எச்.என் (கிராம சுகாதார செவிலியர்) அக்காகிட்டயும் சொல்லுங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே மாத்திரை வருது, இவங்க பேரு அதுல இருக்கான்னு பாருங்க. ஓட்ஸ் சாப்பிடுங்கன்னு சொல்லாதீங்க, ரேஷன் அரிசிதான் அந்த வீட்டு சாப்பாடு, சோத்தைக் கொறைச்சு கீரை, சுண்டல் கூட்டறதை சமைக்கற மருமகள்கிட்ட பேசுங்க. இன்சுலின் போடறவங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லன்னா, மண்பானைல தண்ணி ஊத்தி, மருந்து நனையாம டப்பாக்குள்ள வச்சு குளுமையா வைக்கச் சொல்லிக் குடுங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி அவங்க நல்லா பண்ற ஒண்ணை வாய்விட்டுச் சொல்லுங்க, ரைட்டும் லேஹியும் பதினஞ்சு நிமிஷ இன்டர்வியூலயே இதுக்கு இடம் வச்சிருக்காங்க. "அத்தை காலை தினமும் பாத்து எண்ணெய் தடவறீங்களே, அதாலதான் புண்ணு வராம இருக்கு, விரல் இடுக்குல மட்டும் தடவாதீங்க"ன்னு சொன்னா அடுத்த தடவை போகும்போது அந்தப் பொண்ணே முன்னாடி வந்து பேசும். அடுத்த விசிட்ல அதே ஈகோமேப்பை வேற கலர் பேனால திருத்துங்க, எந்தக் கோடு மாறியிருக்குன்னு பாத்து மீதி பிளானை எழுதுங்க.