மகளுடன் கனடா: அப்பாவின் கையெழுத்து

விவாகரத்துக்குப் பிறகு மகளோடு கனடா போக முடிவெடுத்தேன். அவளுடைய அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் பாஸ்போர்ட்டே வராது என்றார் ஏஜென்ட். அது தவறு. ஒருவர் சம்மதிக்காதபோது மற்றவர் தருவதற்கென்றே ‘அனெக்சர் சி’ உறுதிமொழி இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், நோட்டரி வேண்டாம். தீர்ப்பு நகலையும் சேர்த்துக் கொடுத்தேன், கிடைத்துவிட்டது.

சிக்கல் அப்புறம்தான். நிரந்தரவாச விண்ணப்பத்துக்கு, உடன் வராத பெற்றோர் கையெழுத்திடும் 5604 படிவம் கேட்டார்கள். வக்கீல் நோட்டீஸுக்கு அவர் அசையவில்லை. நேரில் போனேன். ஞாயிறுதோறும் வீடியோ கால், கோடை விடுமுறைக்கு ஊர் என்று அவர் கண்முன்னே எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். “ரேங்க் கார்டும் அனுப்பணும், அதையும் எழுது” என்றார். எழுதினேன். பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.