பிரபஞ்சம் ஏன் வேகமா விரியுதுன்னு கடைமடைல உக்காந்து சொல்றது எப்படி

வீட்ல பெரியவங்க யாராச்சும் இதக் கேட்டா சமன்பாட்ட எடுத்துட்டுப் போகாதீங்க, நான் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். எங்க பெரியப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம், அவர்ட்ட எடுபட்டது தண்ணிக் கணக்குதான்.

மொதல்ல விஷயத்த சொல்லிருங்க. 1998ல ரெண்டு டீம் தூரத்துல வெடிச்ச நட்சத்திரங்கள அளந்தா, நினைச்சத விட மங்கலா இருக்கு, அப்ப இன்னும் தள்ளி இருக்குன்னு அர்த்தம். ஈர்ப்பு இழுத்துப் புடிச்சு விரிவு மட்டுப்படணும், ஆனா வேகம் கூடிக்கிட்டே போகுது. இதுக்குத்தான் 2011 நோபல்.

அப்புறம் கேளுங்க, "முறைத் தண்ணி கணக்குப்படி வரலன்னா என்ன பண்ணுவீங்க?" பெரியப்பா சொன்னாரு, "மேல எவனாச்சும் இன்ஜின் போட்டு இறைக்கிறானான்னு பாப்பேன், இல்லன்னா கணக்கே தப்பான்னு பாப்பேன்." அவ்ளோதான் மேட்டரு. கண்ணுக்குத் தெரியாத இன்ஜின் டார்க் எனர்ஜி, கணக்க மாத்துறது திருத்தின ஈர்ப்பு.

ரெண்டுமே முன்னாடி நடந்திருக்கு, இத விட்றாதீங்க. யுரேனஸ் தடம் பிசகுச்சு, கணக்க நம்பித் தேடுனாங்க, 1846ல நெப்டியூன் சிக்குச்சு. புதனும் பிசகுச்சு, நூறு வருஷத்துக்கு வெறும் 43 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரிய 3600 பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு), அதுக்கும் வல்கன்னு ஒரு கிரகத்தத் தேடுனாங்க, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, 1915ல ஐன்ஸ்டீன் விதியவே மாத்துனப்பதான் கணக்கு நேராச்சு.

"விதிய மாத்துனா இங்க தேங்கா விழுறதும் மாறணுமேடா"ன்னு கேப்பாங்க, சரியான கேள்வி. பரம்படிச்ச வயல்ல நின்னா தரை மட்டம்தான், கல்லணைலேர்ந்து கடல் வரைக்கும் பாத்தாதான் வாட்டம் தெரியும்னு சொல்லுங்க. உவமை பாதிதான் சரி, ஏன்னா இங்க தூரம் மட்டும் இல்ல, அடர்த்தியும் சேருது, விதிய மாத்துறப்ப கூட வர்ற புது விசை, பொருள் நெருக்கமா இருக்குற எடத்துல பம்மிக்கும். இப்படிப் பம்முற கோட்பாட்டுல ஒரு வகைக்கு பச்சோந்தின்னே பேரு.

கடைசியா 2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டு தள்ளி ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதுச்சு, அதுல கெளம்புன ஈர்ப்பலை (ஈர்ப்போட அதிர்வு) வந்து 1.7 செகண்டுல காமா கதிரும் வந்துருச்சு, காமாவும் ஒளிதான், அப்ப ஈர்ப்பலைக்கும் ஒளிக்கும் வேகம் ஒண்ணுதான். வேற வேகம்னு சொன்ன திருத்தக் கோட்பாடுங்க நெறைய அன்னிக்கே காலி, ஐன்ஸ்டீன் சமன்பாட்டயே கொஞ்சம் மாத்தி எழுதுற எஃப்(ஆர்) மாதிரி சிலது தப்பிச்சுது.

பெரியப்பா வெத்தலைய மடிச்சுக்கிட்டே, "13 கோடி வருஷம் வந்தது ரெண்டு செகண்டு கூட பிந்தல, மேட்டூர் தண்ணி என்னிக்கு வரும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்"னாரு.