நியூட்ரலில் மலையிறங்கும் கணவரைக் கியருக்குக் கொண்டுவருவது எப்படி?

எங்களுக்குத் திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி காருக்குள் நடந்தவை. அதிலும் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் முப்பது கிலோமீட்டரில்தான் அதிகம். என் நாத்தனார் வீடு மேலே இருப்பதால் மாதம் ஒருமுறையாவது அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியாக வேண்டும். ஏறும்போது பேச்சு இருக்கும். இறங்கிக் கோரிமேடு வந்து சேரும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது அந்த நிலை இல்லை. எப்படி மாறியது என்பதை, பக்கத்து இருக்கையில் புதிதாக உட்காரப்போகும் பெண்களுக்காக எழுதுகிறேன். ஆண்களும் படிக்கலாம். சீட் பெல்ட் போடுவது, ஓட்டுபவர் கைபேசியைத் தொடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு தாள், இரண்டு பத்தி

கார் வீட்டு வாசலில் நிற்கும்போது இதைச் செய்யுங்கள். ஓடும்போது செய்யாதீர்கள். தாளை நெடுக்காக மடித்து இடப்பக்கம் 'எரிச்சல்', வலப்பக்கம் 'ஆபத்து' என்று எழுதிக்கொண்டு, அவருடைய பழக்கங்களைப் பிரித்துப் போடுங்கள்.

முதல் முறை எழுதியபோது எனக்குப் பதினான்கு வரிகள் வந்தன. பதினான்கையும் ஆபத்தில்தான் போட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. சீலநாயக்கன்பட்டியில் குறுக்கே நிற்கும் லாரிக்காரருக்கு, ஏற்றிய கண்ணாடிக்குள் இருந்துகொண்டு அறிவுரை சொல்வார். அதில் யாருக்கும் ஆபத்தில்லை. லாரிக்காரருக்குக் கேட்கக்கூடச் செய்யாது. புளியமர நிழலுக்காகக் கடையிலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துவார். அதில் என் கால் வலிக்குமே தவிர வேறொன்றும் ஆகாது. கோட்டை மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுக்கோட்டின் மேலேயே எழுதிவைத்தேன்.

கடைசியில் ஆபத்தில் மிஞ்சியவை மூன்றுதான்: முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிப் போவது, பேசும்போது முகத்தை என் பக்கம் திருப்புவது, மலையிலிருந்து நியூட்ரலில், அதாவது எந்தக் கியரும் போடாமல் வண்டியை உருளவிட்டு இறங்குவது. எரிச்சல் பத்தியை மடித்துப் பீரோவில் வையுங்கள். அதைப் பற்றியும் வாய் திறந்தீர்கள் என்றால் இந்த மூன்றைப் பற்றிச் சொல்லும்போது அவர் காதில் விழாது.

படி 2: முதலில் உங்கள் காலை எடுங்கள்

எங்கள் காரில் ஓட்டுபவர் பக்கத்து மிதியடியைவிட என் பக்கத்து மிதியடி அதிகம் தேய்ந்திருந்தது. இல்லாத பிரேக்கை அத்தனை ஆண்டுகளாக மிதித்திருக்கிறேன். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஓட்டுபவரின் கடைக்கண்ணில் படுகிறது. "உன்னை நம்பவில்லை" என்று சத்தம் போடாமல் சொல்வதற்கு இதைவிட வேறு வழி இல்லை. பாதங்களைப் பின்னிழுத்து இருக்கையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பயணங்களில் பழகிவிடும்.

அடுத்தது வாய். "பிரேக், பிரேக்!" என்று கத்தினால் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உங்களைத் திரும்பிப் பார்ப்பார். பார்க்கும் அந்த நொடியில்தான் ஆடு குறுக்கே வரும். கட்டளை இடாதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: "இடப்பக்கம் ஆடு." "வளைவில் பஸ்." இரண்டே சொல். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

படி 3: பஸ்ஸும் முகமும்

இவை இரண்டும் எளிதாக முடிந்தன. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. முன்வண்டி ஒரு மரத்தைக் கடந்த பிறகு நாம் அதே மரத்தை அடைய இரண்டு நொடியாவது ஆக வேண்டும். ஓமலூர் சாலையில் என் மகன் பின்னிருக்கையிலிருந்து "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சத்தமாக எண்ணத் தொடங்கினான். நான் சொல்லிக் கேட்காதவர் மகன் எண்ணியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் பலன் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

முகம் திருப்புவதற்கு மருந்து, பேச்சைப் பாதியில் நிறுத்துவது. "உங்கள் அக்கா அந்த வளையலை என்ன செய்தார் தெரியுமா..." என்று தொடங்கி, வளைவு வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். வளைவு முடிந்து சாலை நேரானால்தான் மீதிக் கதை. இரண்டே பயணங்களில் கண் சாலையில் நின்றது.

படி 4: நியூட்ரல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். விழுந்தது ஒரு நாள் அல்ல, பல ஆண்டுகள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மாமனார் கார்பரேட்டர் காலத்துக் கார் ஓட்டியவர். "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய்ச் செலவில்லை" என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கார்பரேட்டர் என்பது இன்ஜின் உறிஞ்சும்போதெல்லாம் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும் சாதனம். கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழன்று கூடுதலாக உறிஞ்சும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் இறுகின. கார்களில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும், கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் வந்தது. இப்போது கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதைக் கண்டுகொண்டு கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு வந்தால் இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடியும் பெட்ரோல் ஊட்ட வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு.

இதைச் சொன்னேன். கேட்கவில்லை. "அப்பா முப்பது வருடம் ஓட்டியவர்" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடும்.

ஒரு டிசம்பர் மாலை, நாத்தனார் கட்டிக்கொடுத்த காப்பித்தூள், மிளகு, இரண்டு பை ஆரஞ்சுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் கருகிய வாடை வந்தது. "ஏங்க, பிரேக் வாடை அடிக்கிறது" என்றேன். "முன்னால் போகிற லாரி" என்றார். அந்த லாரி ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டது. அதைக் கடந்து மூன்று வளைவுகள் இறங்கிய பிறகும் வாடை கூடவே வந்தது. அப்போது அவர் கால் போன ஆழத்தைப் பார்த்தேன். வழக்கமாகப் பாதியிலேயே பிடிக்கும் பெடல் முக்கால் தூரம் இறங்கியது. அவரும் உணர்ந்துவிட்டார். எதுவும் பேசாமல் இரண்டாவது கியருக்கு மாற்றி, 60 அடிப் பாலம் தாண்டி அகலமான ஓரிடத்தில் நிறுத்தினார். முன்சக்கரத்தின் அருகே போனால் தோசைக்கல் போல அனல் அடித்தது.

இந்த நிலை உங்களுக்கு வந்தால்: சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பழுக்கக் காய்ந்த இரும்பு வளையும் அல்லது விரிசல் விடும். இன்ஜினை அணைத்து முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். ஆரஞ்சு இருந்தால் உரித்துச் சாப்பிடுங்கள். நாங்கள் ஒரு பையை முடித்தோம்.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த மகன் அன்றிரவு கணக்குப் போட்டான். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. காற்றும் சாலையும் தின்றது போக மிஞ்சும் ஆற்றல் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் உள்ளங்கை அளவுப் பிரேக் பேடுகளின் தலையில்.

இதற்கும் அவர் முழுதாக மசியவில்லை. "பிரேக் ஆயில் பழையது, அதனால்தான்" என்றார். அதிலும் பாதி நியாயம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி வந்து பெடல் தொய்யும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எங்களுடையதை மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, வாதத்தில் ஆளுக்குப் பாதி.

அவரை மாற்றியது டாஷ்போர்டில் இருக்கும் மைலேஜ் எண். மொத்தச் சராசரியை அல்ல, அந்தந்த நொடியில் எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டும் எண்ணைச் சொல்கிறேன். அடுத்த முறை இறங்கும்போது, ஆளில்லாத நேரான இறக்கம் ஒன்றில், "ஒரே ஒருமுறை நியூட்ரலில் விடுங்கள், நான் எண்ணை வாசிக்கிறேன்" என்றேன். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து என்று ஆடியது. "இப்போது மூன்றாவது கியர் போட்டுக் காலை எடுங்கள்." எண் ஏறி 99.9-இல் போய் நின்றது. எங்கள் கார் அதற்கு மேல் காட்டாது. அவர் நாலைந்து வளைவுகள் பேசவில்லை. அடிவாரத்துச் சோதனைச் சாவடி வந்ததும், "அப்பாவுக்கு இந்த மீட்டர் இல்லை, பாவம்" என்றார். அன்றோடு நியூட்ரல் ஒழிந்தது.

கற்றுக்கொள்ள வேண்டிய முறை இவ்வளவுதான்: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏற்காட்டுக்குப் பெரும்பாலும் இரண்டாவது, இடையிடையே மூன்றாவது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது நியூட்ரலைவிடக் கொடுமை. இன்ஜின் ஓடும்போது உண்டாகிப் பிரேக் மிதிக்க உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியில் அவர் சுத்தம். ஒருநாளும் மீறியதில்லை.

படி 5: வாங்கலாம், வாங்க வேண்டாம்

டிரைவிங் பள்ளிக் கார்களில் இருப்பது போல, பக்கத்து இருக்கைக்கும் ஒரு சிறிய பின்பார்வைக் கண்ணாடி வாங்கி ஒட்டுங்கள். நான் வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான். பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அவர் ஏன் திடீரென்று ஒதுங்கினார் என்பதும் புரியும். டாஷ்போர்டில் வைக்கும் வாசனைப் புட்டியைத் தூக்கி எறியுங்கள், குமட்டலுக்குப் பாதிக் காரணம் அது. கழுத்துத் தலையணை வீண். குமட்டலுக்கு என் தேர்வு உப்பு நார்த்தங்காய். வாயில் ஒதுக்கிக்கொண்டு தொலைவில் சாலையைப் பார்க்க வேண்டும், கைபேசியைப் பார்க்கக் கூடாது. கிளம்பும் முன் தட்டுவடை செட் வேண்டாம். எனக்கு உயிர்தான், ஆனாலும் எட்டாவது வளைவில் அந்தப் பூண்டுச் சட்னி திரும்பி வரும்.

படி 6: இடம் மாறுங்கள்

முடிந்தால் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் ஓட்டிய முதல் நாளே, கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே நான் ஓட்டுவது தெரிந்தது. பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், யாரும் சொன்னதில்லை. அவர் தாள் கேட்டார், இரண்டு பத்தி மடித்து. கொடுத்தேன்.

சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எங்கள் கார் ஆட்டோமேட்டிக், கியரே இல்லையே?" இருக்கிறது. டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது 2 என்று குறித்த இடத்துக்கோ, கையால் மாற்றும் முறைக்கோ கொண்டுவாருங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர் ஒருவர், மேலே தங்கியிருந்த இடத்தில் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு இறங்கியபோது கார் 'பிடிக்கவே இல்லை' என்று எழுதியிருந்தார். இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்பித்தான் வேகத்தைக் குறைக்கிறது. பேட்டரியில் இடமே இல்லை என்றால் எங்கே அனுப்பும்? கொஞ்சம் காலியாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி ஆறவிட்டு வாருங்கள்.

இன்னொரு சேர்க்கை: கோட்டை மாரியம்மன் விஷயம் என்னவாயிற்று என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். சென்ற வெள்ளிக்கிழமை நான் ஓட்டிக்கொண்டு போனேன். கோயில் வந்தது. என் இடக்கை தானாக ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. பக்கத்தில் காலைப் பின்னிழுத்து உட்கார்ந்திருந்தவர், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "வலப்பக்கம் ஆட்டோ."