கொக்கோஸ் தீவுகளுக்கு இரண்டு கோடுகள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்கு, இந்தியப் பெருங்கடலிலுள்ள கொக்கோஸ் தீவுகள் அருமையான தலைப்பு. பினாங்கு இருந்த நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியோடு 1886இல் அவையும் சேர்க்கப்பட்டன.

மணிலா அட்டையில் 1820 முதல் 1990 வரை, பத்தாண்டுக்கு 3 செ.மீ. வீதம் 51 செ.மீ. கோடுகள் இரண்டு போடுங்கள். மேலே சிவப்பு: அரசுரிமை. கீழே பச்சை: நில உடைமை.

பச்சையில், தீவுகளில் குடியேறிய இருவர்: 1826 அலெக்சாண்டர் ஹேர், 1827 ஜான் குலூனிஸ்-ராஸ். சிவப்பு 1857இல், பிரிட்டன் தீவுகளை இணைத்துக்கொண்டபோதுதான் தொடங்கும். 1955இல் ஆஸ்திரேலியாவுக்கு மாறும்.

பிள்ளைகள் தவறுவது 1886இல். விக்டோரியா அரசி குலூனிஸ்-ராஸ் குடும்பத்துக்குக் கொடுத்தது நிலம், ஆட்சியல்ல. ஆகவே பச்சையில் குறியுங்கள். 1978இல் பெரும்பகுதி நிலத்தை ஆஸ்திரேலியா வாங்கியது.

ஹேர் கொண்டுவந்த மலாய்த் தொழிலாளர்களுக்கு அடியில் இடம் விடுங்கள். தீவுகளின் எதிர்காலம் குறித்த 1984 வாக்கெடுப்பில் முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் அத்தொழிலாளர்களின் வழிவந்தோரே.