கடலில் ஃப்ளை தூண்டிலுக்கு ரீல் தெரிவு செய்தல்

பூச்சி போன்ற செயற்கை இரையை (ஃப்ளை) வீசி நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பவருக்கு ரீல் என்பது பெரும்பாலும் நூலைச் சுற்றி வைப்பதற்கான சாதனமே. கடலில் அப்படியல்ல. மட்டக்குளிக்கு அருகே களனி கங்கை கடலில் சேரும் இடத்திலோ நீர்கொழும்புக் களப்பின் வாயிலிலோ நடுத்தரமான ஒரு பாரை கவ்வினாலும், கையில் இருந்த நூல் முழுவதும் சில வினாடிகளில் ஓடிவிடும். அதன்பின் மீனைத் தடுத்து நிறுத்துவது ரீலின் டிராக், அதாவது நூல் ஓடுவதை இழுத்துப் பிடிக்கும் தடை, மட்டுமே. ஆகவே அழகையும் எடையையும் பின்னர் பார்க்கலாம், டிராக்கை முதலில் பாருங்கள்.

டிராக்கின் உச்ச வலிமையைப் பெரிய எண்ணில் விளம்பரப்படுத்துவார்கள். அதைவிட முக்கியமானது, அது இழுபடத் தொடங்கும் விதம். கடையிலேயே டிராக்கை நடுத்தர அளவுக்கு இறுக்கி, நூலைக் கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் சற்றுப் பிடித்து நின்று, பிறகு வெடுக்கென்று விட்டால், அந்த ஒரு வெடுக்கே ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நூலான டிப்பெட்டை அறுக்கப் போதும். நல்ல ரீலில் தொடக்கமும் தொடர்ச்சியும் ஒரே சீராக இருக்கும். 20 இறாத்தல் டிப்பெட்டுக்கு அதன் தாங்குதிறனில் காற்பங்கு, அதாவது ஏறத்தாழ 5 இறாத்தல், போதுமான இறுக்கம். ஒரு விற்றராசை நூலில் கொளுவி இழுத்தால் இதை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

அடுத்தது உப்பு. கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் கடலோரமாகக் குடியிருப்பவர்களின் யன்னல் கம்பிகளையே கடற்காற்று அரித்துவிடுகிறது. அலுமாரியில் இருக்கும் ரீலையும் அது விடாது. டிராக்குக்குள் உப்பு நீரும் மணலும் புகாதபடி அடைக்கப்பட்ட ரீலையே நான் பரிந்துரைப்பேன். தக்கை டிராக் மிகச் சீராக இயங்கக்கூடியதுதான்; ஆனால் அதற்கு எண்ணெயும் இடையறாத கவனிப்பும் வேண்டும். ரீலின் உடல் அனோடைஸ் செய்யப்பட்ட, அதாவது அரிப்பைத் தாங்கும் மேற்படலம் ஏற்றிய, அலுமினியமாக இருக்கட்டும். வார்ப்பில் செய்தவற்றைவிட, முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுத்தவை பாறையில் அடிபட்டாலும் எளிதில் உடையா.

கொள்ளளவு, பிடிக்க விரும்பும் மீனைப் பொறுத்தது. சிறிய பாரை, கட்டா போன்றவற்றுக்கு 8 அல்லது 9ஆம் எண் ரீலும் (எண் கூடக்கூட ரீல் பெரிது), ஃப்ளை நூலுக்குப் பின்னால் 20 இறாத்தல் பேக்கிங் நூல் (ஃப்ளை நூல் தீர்ந்தபின் ஓடும் இருப்பு நூல்) 200 யார் நீளமும் தேவை. பெரும் பாரையை நாடுபவர் 12ஆம் எண்ணுக்குக் குறைய வாங்கவே கூடாது. நடுத்தண்டு அகலமான ரீல், ஒரு சுற்றில் அதிக நூலை இழுத்துக்கொள்ளும். மீன் திடீரென்று நம்மை நோக்கித் திரும்பி ஓடும்போது நூல் தளராமல் காப்பது இதுதான்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்பதில் வாதம் உண்டு. நீண்ட நேரம் களைக்காமல் வேகமாகச் சுற்றக்கூடிய கை எதுவோ, அதற்கே அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரீல்களை இரு பக்கமும் மாற்றலாம், வாங்கும்போதே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கடலில் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் டிராக்கை இறுக்கி, குழாயின் மெதுவான நன்னீரில் ரீலைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். நிழலில் உலர்த்தியபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள்.