கடல்சார் அருங்காட்சியகத்தை முதன்முறை பார்ப்பது எப்படி?

நுழைந்ததும் முதல் அறையிலிருந்தே எல்லா விளக்கப் பலகைகளையும் படிக்கத் தொடங்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். கப்பலில் ஏறுவதற்குள் காலும் ஓய்ந்துவிடும்.

படி 1: கிளம்பும் முன்

கப்பலுக்கோ நீர்மூழ்கிக்கோ தனிச்சீட்டு வேண்டுமா, கடைசி நுழைவு எப்போது என்று பாருங்கள். வழுக்காத காலணி, சிறிய பை போதும். முதுகுப்பை குறுகிய வாசலில் மாட்டிக்கொள்ளும். சில கூடங்கள் குளிராக இருக்கும், மெல்லிய ஸ்வெட்டரும் எடுங்கள். ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட கப்பல். அந்த மரத்தைக் காக்கவே கூடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள்.

படி 2: மாதிரிக் கப்பல், 15 நிமிடம்

முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏரா, அதிலிருந்து விலா எலும்புபோல் எழும் வங்குகள். இந்த நான்கையும் அடையாளம் கண்டால் பெரிய கப்பலில் திசை தடுமாறாது. அளவு விகிதத்தையும் பாருங்கள்: 1:48 என்றால் மாதிரியில் ஒரு சாண், நிஜத்தில் ஏறத்தாழ 11 மீட்டர்.

படி 3: கப்பலுக்குள்

செங்குத்தான ஏணியில் முகத்தை ஏணிப் பக்கம் வைத்து, இரு கைகளாலும் பிடித்தே இறங்குங்கள். முன்னோக்கி இறங்குபவர்களுக்குக் குதிகால் வழுக்கும், தலையும் இடிபடும். பீரங்கித் தளத்தில் பீரங்கியை விட அதன் பின்னால் சுற்றிய தடித்த கயிற்றைக் கவனியுங்கள். சுட்டதும் பின்னால் பாயும் பீரங்கியை நிறுத்துவது அதுதான்.

படி 4: வழிகாட்டும் கருவிகள்

அதிக நேரம் இங்கே கொடுங்கள். பலரும் வேகமாகக் கடந்துபோகும் அறை இது. கடல் வரலாற்றின் உயிரே இங்குதான் இருக்கிறது. முதலில் அட்சரேகைக் கருவிகள். முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகை இருந்தால், அது கமால். தமிழ் மாலுமிகளிடம் இராப்பலகை. கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அது அட்சரேகையைச் சொல்லிவிடும்.

அடுத்து குரோனோமீட்டர்: புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் காட்டி, தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் துல்லியக் கடிகாரம். பழைய கடிகாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பூமி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கிறது. ஆகவே கடிகாரம் 1 நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் சுமார் 28 கி.மீ. பிசகும். ஆங்கிலேயக் கடிகாரத் தயாரிப்பாளர் ஜான் ஹாரிசன் 1759-இல் முடித்த எச்4 கடிகாரம் அதன் துல்லியத்துக்காகத்தான் கொண்டாடப்படுகிறது. பிற்காலக் கடிகாரப் பெட்டிகளில் பித்தளை வளைய அமைப்பைத் தேடுங்கள்: கப்பல் சாய்ந்தாலும் கடிகாரத்தை மட்டமாக வைத்திருப்பது அதுதான்.

படி 5: படம் எடுக்க

ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பட்டு வெள்ளைப் புள்ளியாகத் திரும்பும். அனுமதி இருந்தால் கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில், சற்றே சாய்த்துப் பிடியுங்கள்.